கடலோரச் சாலையில் சிறுபாலம்: முதல் முறை போடுகிறவர்களுக்கு

ராமநாதபுரம் மாவட்டத்தில், தேவிபட்டினத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலை நோக்கிப் பிரியும் ஓர் ஒன்றியச் சாலை. வேலைக்கு வந்து நான் முதலில் மதிப்பீடு போட்டது அந்தச் சாலையில் ஒரு சிறுபாலத்துக்குத்தான். 600 மி.மீ. ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்), இரண்டு வரிசை. ஆகஸ்டில் வேலை முடிந்தது. நவம்பர் மழையில் அந்தச் சாலை மேல் நான்கு நாள் முழங்கால் தண்ணீர் நின்றது. பாலம் உடையவில்லை, குழாயில் அடைப்பும் இல்லை. குழாய் நிறையத் தண்ணீர் இருந்தது, ஆனால் நகரவில்லை. மீன் எடுக்கும் வண்டி ஊருக்குள் வர முடியாமல் திரும்பிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அது எங்கே போகும், அப்போது கடல் எந்த மட்டத்தில் இருக்கும் என்று கணக்குப் போடவில்லை. அந்தப் பாலத்தைப் பிரித்து மறுபடி கட்ட இரண்டு ஆண்டு அலைந்தோம். புதிதாக வேலைக்கு வந்த பொறியாளர்கள், சிறிய ஒப்பந்ததாரர்கள், ஊருக்குப் பாலம் கேட்டு மனு எழுதும் வார்டு உறுப்பினர்கள் எல்லோருக்கும் உதவும் என்று நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். இங்கே சொல்வது 6 மீட்டர் நீளம் வரையுள்ள பாலங்களுக்கு மட்டும். அதுவரைதான் சிறுபாலக் கணக்கு. அதற்கு மேல் போனால் விதிகளும் வேறு, அனுமதி தரும் அலுவலரும் வேறு.

1. மழையில் போய் நில்லுங்கள்

இடம் பார்க்க ஏப்ரலில் போகாதீர்கள். ஏப்ரலில் வாய்க்கால் வெறும் மணலாகவும் வேலிக்கருவையாகவும்தான் கண்ணில் படும். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை, பெரிய மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாளாக அமைந்தால் இன்னும் நல்லது, அன்று கடல் ஏற்றம் கூடுதலாக இருக்கும்.

அங்கே மூன்று மட்டங்களைக் குறியுங்கள்: சாலைக்கு மேற்கே நீர் நிற்கும் மட்டம், கிழக்கே நிற்கும் மட்டம், சாலையின் மேல்மட்டம். ஒரு பனைமரத்திலோ சுவரிலோ பெயின்டால் கோடு போட்டு, தேதியும் நேரமும் எழுதிப் படம் எடுங்கள். பிற்பாடு எந்த அலுவலகத்தில் என்ன கேள்வி வந்தாலும் பதில் சொல்லப்போவது இந்தப் படம்தான்.

கரைவலை இழுக்கும் பெரியவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். வாடைக் காற்று பிடித்து அடிக்கும்போது கழிக்குள் (கடலோடு சேரும் உப்புநீர்ப் பரப்புக்குள்) தண்ணீர் எதுவரை ஏறும்? முகத்துவாரத்தை மணல் எந்த மாதத்தில் மூடும், யார் வெட்டிவிடுவார்கள்? நான் இதை முதல் ஆண்டே கேட்டிருந்தால் அந்த 600 மி.மீ. குழாய் வந்தே இருக்காது.

2. வாய்க்கால் யாருடையது என்று காகிதத்தில் பாருங்கள்

நாள் அதிகம் போவது இந்தப் படியில்தான். சேர்க்க வேண்டியவை இவை:

- புல வரைபடம் (ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லை வரைபடம்), அ-பதிவேடு (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் பதிவேடு). இரண்டும் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் கிடைக்கும். சாலைக்கு இரு பக்கமும் உள்ள சர்வே எண்களுக்கு மட்டும் எடுத்தால் போதாது. வாய்க்கால் கடலையோ கழியையோ சேரும் வரையுள்ள எல்லா எண்களுக்கும் எடுங்கள்.
- கிராம வரைபடம். அழிந்துபோன வரத்துக்கால்கள் (கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் கால்வாய்கள்) இதில்தான் தெரியும்.
- கிராம சபைத் தீர்மான நகல்.
- வாய்க்காலைப் பராமரிக்கும் துறையின் தடையின்மைச் சான்று.
- குடிநீர் வடிகால் வாரியத்தின் கடிதம், குழாய் போகும் தடத்தோடு.

வாய்க்கால் எந்தத் துறைக்குச் சொந்தம் என்று குழம்பினால், அது எந்தக் கண்மாயைச் சேர்ந்தது என்று பாருங்கள். 40 எக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் கையில் இருக்கும். அதற்கு மேற்பட்டது நீர்வளத்துறையுடையது. நாங்கள் தவறான அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டு ஏழு வாரம் காத்திருந்தோம். 'எங்கள் எல்லையில் இல்லை' என்று ஒரே வரியில் பதில் வந்தது.

குடிநீர்க் குழாயை மறக்கவே கூடாது. நம் மாவட்டத்துக்குத் தண்ணீர் தரும் காவிரிக் கூட்டுக்குடிநீர்க் குழாய்கள் பல ஊர்ச் சாலைகளின் ஓரமாகவே போகின்றன. ஜேசிபி பல் பட்டுக் குழாய் உடைந்தால் நாலு ஊருக்குக் குடிதண்ணீர் நின்றுவிடும். உப்புத் தண்ணீர் ஊர்களில் அதைவிடப் பெரிய கஷ்டம் இல்லை. தோண்டுவதற்கு முன் குழாய் எங்கே, எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று கைக்கடப்பாரையால் இரண்டு இடத்தில் தோண்டிப் பாருங்கள்.

அடுத்தது கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால்தான் அனுமதி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. கடல்நீர் ஏறி இறங்கும் கழிகளுக்கும் ஓடைகளுக்கும் கரையோரமாகத் தனி எல்லை உண்டு. ஆண்டின் மிக வறண்ட காலத்தில் நீரில் உப்பு ஆயிரத்துக்கு 5 பங்கு இருக்கும் இடம் வரை கடலின் பாதிப்பு உள்ளதாகவே விதி எடுத்துக்கொள்கிறது. கடற்கரை மண்டல வரைபடத்தில் உங்கள் இடத்தை வைத்துப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மாவட்ட அளவிலான குழு வழியாக விண்ணப்பியுங்கள். காரங்காடு பக்கம் போல அலையாத்தி மரங்கள் நிற்கும் இடம் என்றால் வனத்துறையிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். பத்து மீட்டர் தள்ளிப் பாலம் போட்டால் தீர்ந்துவிடும் சிக்கலுக்கு ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டாம்.

3. கடல்வரை லெவல் எடுங்கள்

சாலைக்கு இந்தப் பக்கம் 30 மீட்டர், அந்தப் பக்கம் 30 மீட்டர் என்று எடுத்துவிட்டுப் பெட்டியை மூடுவதுதான் வழக்கம். இங்கே அது செல்லாது. வாய்க்காலின் படுகை மட்டத்தை முகத்துவாரம் வரை 25 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் எடுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு ஆட்டோ லெவலும் இரண்டு ஆளும் ஒரு நாள் வேலை, அவ்வளவுதான்.

நாங்கள் இரண்டாவது முறை எடுத்தபோது, பாலத்துக்குக் கிழக்கே 400 மீட்டரில் வாய்க்கால் படுகை பாலத்தின் அடிமட்டத்தைவிட 18 செ.மீ. மேடாக இருந்தது தெரிந்தது. யாரோ வண்டிப் பாதைக்காக மண் கொட்டியிருக்கிறார்கள். அந்த மேட்டை எடுக்காமல் எவ்வளவு பெரிய பாலம் போட்டாலும் தண்ணீர் அங்கேதான் நிற்கும்.

முதல் படியில் மரத்தில் போட்ட கோடுகளையும் இதே பெஞ்ச்மார்க்கோடு (எல்லா மட்டங்களையும் ஒப்பிடும் நிலையான புள்ளியோடு) சேர்த்துவிடுங்கள். பெஞ்ச்மார்க்காக ஊருணிப் படிக்கட்டு, பள்ளிக்கூடத் திண்ணை போல அசையாத ஒன்றை எடுங்கள். மைல்கல் வேண்டாம், சாலைப் பணியில் அதைப் பிடுங்கிவிடுவார்கள்.

4. எவ்வளவு தண்ணீர் வரும்

சிறிய பரப்புக்கு எளிய சூத்திரம் ஒன்று உண்டு: வழிந்தோடும் பங்கு × மழையின் வேகம் (மணிக்கு மி.மீ.) × பரப்பு (எக்டேர்), இதை 360-ஆல் வகுத்தால் நொடிக்கு இத்தனை கன மீட்டர் என்று கிடைக்கும். எங்கள் இடத்தில் பரப்பு 12 எக்டேர். பங்கு 0.4, மழை மணிக்கு 60 மி.மீ. என்று வைத்தால் 0.8 கன மீட்டர் வந்தது.

மணல் தரைக்குப் பங்கு 0.2 என்று அட்டவணையில் பார்த்துவிட்டு அதையே எடுத்துப் போட்டுவிடாதீர்கள். நவம்பர் பாதியில் நம் கடற்கரையில் ஒரு முழம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். அந்த மணல் இனி எதையும் குடிக்காது. மழையின் வேகத்திலும் தாராளமாக இருங்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ஆண்டு சராசரியில் பாதி அது.

சதுர கிலோமீட்டர் கணக்கில் பரப்பு இருந்தால் ரைவ்ஸ் சூத்திரம் போடுவார்கள். கடலை ஒட்டிய பகுதிக்கு அதன் மாறிலி 6.8. அதைப் பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கால் பெருக்க வேண்டும். 2 ச.கி.மீ. என்றால் 10.8 கன மீட்டர் வரும்.

மேலே கண்மாய் இருந்தால் மழைக் கணக்கு மட்டும் போதாது. கலுங்கு (கண்மாய் நிறைந்ததும் உபரி நீர் வழியும் இடம்) எவ்வளவு தள்ளும் என்று பாருங்கள். 15 மீட்டர் நீளக் கலுங்கில் 30 செ.மீ. உயரத்துக்கு மறுகால் பாய்ந்தால் நொடிக்கு 4 கன மீட்டருக்குச் சற்று மேலே வரும். அது உங்கள் வாய்க்காலுக்குத்தான் வருகிறதா என்பதைக் கிராம வரைபடத்தைப் பார்த்தும், வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சியிடம் கேட்டும் உறுதி செய்யுங்கள்.

5. கிழக்கே தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கும்

நான் முதல் தடவை தாண்டிப் போன படி இது. இதை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

சரிவான ஊர்களில் குழாயின் வாய்க்குள் எவ்வளவு நுழைகிறதோ அவ்வளவும் ஓடிவிடும். நம் கடற்கரை தட்டையானது. மழை பெய்யும் நாளில் குழாயின் கிழக்கு வாயும் மூழ்கியே இருக்கும். அப்போது குழாயில் நீர் ஓடுவது மேற்கு மட்டத்துக்கும் கிழக்கு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் மட்டுமே. குழாயின் சரிவுக்கு அதில் பங்கே இல்லை.

1000 மி.மீ. குழாய், நீளம் 7.5 மீட்டர், இரு வாயும் மூழ்கியிருக்கின்றன என்று வையுங்கள். இரு பக்க வித்தியாசம் 20 செ.மீ. இருந்தால் நீரின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1.5 மீட்டர், ஒரு குழாய் 1.2 கன மீட்டர் தள்ளும். வித்தியாசம் 5 செ.மீ.க்கு இறங்கினால் வேகம் 0.77 மீட்டர், தள்ளுவது 0.6 கன மீட்டர். அதே குழாய்தான், பாதி வேலைதான் செய்யும்.

நான் போட்ட இரண்டு 600 மி.மீ. குழாய்களுக்கு நொடிக்கு 1.5 மீட்டர் வேகம் என்று எடுத்து 0.85 கன மீட்டர் போகும் என்று எழுதியிருந்தேன். வர வேண்டியது 0.8. காகிதத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. உண்மையில் இருந்த வித்தியாசம் 5 செ.மீ., போனது 0.42 கன மீட்டர். மிச்சம் மேற்கே சேர்ந்து சேர்ந்து சாலை மேல் ஏறியது.

எனவே கிழக்கு மட்டத்தை இப்படி எடுங்கள்: அமாவாசை ஏற்றத்தில் கழியின் மட்டம், அதன் மேல் வாடைக் காற்று தள்ளும் நீர், அதன் மேல் முகத்துவாரம் மூடியிருந்தால் தேங்கும் நீர். முதல் படியில் மரத்தில் போட்ட கோடு இந்த மூன்றையும் சேர்த்தே காட்டிவிடும். சாலை மட்டத்திலிருந்து 30 செ.மீ. கீழே மேற்கு மட்டம் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் எத்தனை சதுர மீட்டர் திறப்பு வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்கிடுங்கள். வித்தியாசமே இல்லை என்று வந்தால் அங்கே பாலம் மட்டும் போதாது. சாலையை உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளம் மேலே ஏறிப் போகட்டும் என்று கான்கிரீட் தரைப்பாலமாகக் கட்ட வேண்டும். அதை மதிப்பீட்டிலேயே துணிந்து எழுதுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு பொறி. நீர் நன்றாக ஓடட்டும் என்று பாலத்தின் அடிமட்டத்தை வாய்க்கால் படுகைக்குக் கீழே இறக்கிவிடுவார்கள். மழைக்காலத்தில் அதனால் பயன் இல்லை. கோடையில் அதே வழியாகக் கடல்நீர் உள்ளே ஏறி வயலையும் ஊருணியையும் உப்பாக்கிவிடும். பழைய படுகை மட்டத்துக்குக் கீழே போகாதீர்கள். கிழக்கு முகப்பில் பலகை இறக்க இரண்டு பக்கமும் காடி விடுங்கள். கட்டும்போது விட்டால் அதற்குத் தனிச் செலவே கிடையாது.

6. குழாயா, பெட்டியா

குழாய் மலிவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் அதன் மேல் குறைந்தது 600 மி.மீ. மண் மூட வேண்டும். 1000 மி.மீ. குழாய்க்கு அதன் சுவரையும் சேர்த்தால் படுகையிலிருந்து சாலை 1.75 மீட்டராவது உயரமாக இருக்க வேண்டும். கடலோர ஊர்ச் சாலைகள் பலவற்றில் அந்த உயரம் கிடையாது. கிடைக்கவில்லை என்று 600 மி.மீ. குழாய்க்கு இறங்கினால் உள்ளே ஆள் நுழைந்து மணல் அள்ள முடியாது. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மணல் வந்து பாதிக் குழாயை மூடிவிடும்.

உயரம் இருந்தால் 1000 மி.மீ. குழாய் போடுங்கள், ஐஎஸ் 458 (இந்தியத் தரநிலை) முத்திரை உள்ளதாகக் கேளுங்கள். லாரி போகும் சாலை என்றால் என்பி4, இல்லையென்றால் என்பி3 (இவை குழாயின் வலிமை வகைகள், எண் கூடினால் வலிமை கூடும்). என்பி2 விலை குறைவு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உயரம் இல்லாத இடத்தில் பெட்டிப் பாலம்தான். அதன் மேல்தளத்திலேயே வண்டி போகலாம். அடியிலும் தளம் இருப்பதால் களிமண்ணிலும் தாங்கும். நாங்கள் இரண்டாவது முறை கட்டியது 2 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரப் பெட்டி. 5 செ.மீ. வித்தியாசத்திலும் 1.8 கன மீட்டர் தள்ளுகிறது.

7. உப்பு

உள்மாவட்டத்தில் எழுதிய எம்20 (கான்கிரீட்டின் வலிமைத் தரம்) மதிப்பீட்டை நகல் எடுத்து இங்கே கொண்டுவராதீர்கள். உப்பு நிலத்தடி நீரில் புதையும் கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 குறைந்தது எம்35, கம்பிக்கு 50 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்), தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகக்கூடாது என்கிறது. பாலங்களுக்கான இந்திய சாலைகள் காங்கிரஸ் விதி ஐஆர்சி 112 எம்40 கேட்கிறது. நெடுஞ்சாலைத் துறைச் சாலையாக இருந்தால் அதைத்தான் பார்ப்பார்கள். ஸ்லாக் சிமெண்ட் (இரும்பு உலைக் கசடு கலந்தது) கிடைத்தால் அதையே வாங்குங்கள், உப்பு உள்ளே இறங்குவதை அது நன்றாகத் தடுக்கும்.

எல்லோரும் கோட்டைவிடுவது கலக்கும் தண்ணீரில். பக்கத்துத் தோப்பு போர் தண்ணீர் இலவசம் என்று கொத்தனார் சொல்வார். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. நம் பக்கத்துப் போர்களில் பல அந்த அளவைத் தாண்டிவிடும். ஒரு பாட்டில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பி, அறிக்கையைக் கோப்பில் வையுங்கள். தேறாவிட்டால் லாரித் தண்ணீர்தான். கான்கிரீட்டை நனைத்து வைப்பதற்கும் அதையே பயன்படுத்துங்கள். கடல் மணல் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது, எம்சாண்ட் மட்டும்.

அந்தக் கவருக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லித் துண்டைச் சொருகுவதைப் பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

8. செலவு எங்கே ஓடும்

எங்கள் பெட்டிக்கு 7.5 மீட்டர் நீளத்துக்கு, சுவரும் தளமும் 25 செ.மீ. கனம் என்று வைத்து, கான்கிரீட் 14 கன மீட்டர் வந்தது. கம்பி ஏறக்குறைய ஒன்றரை டன், சிமெண்ட் நூறு மூட்டைக்கு மேல். இது பெட்டிக்கு மட்டும். இரு பக்க முகப்புச் சுவர், விங் வால் (கரை மண்ணைத் தாங்கும் பக்கச் சுவர்), முன்தளம், அரிப்புத் தடுக்கும் குறுக்குச் சுவர் எல்லாம் சேர்ந்தால் இன்னொரு பங்கு கான்கிரீட் ஆகிவிடும். அந்தச் சுவர்களை மிச்சம் பிடிக்கிறேன் என்று வெட்டினால் முதல் மழையிலேயே அடியில் மணல் அரித்துப் போகும். கிழக்குப் பக்கக் குறுக்குச் சுவர் மேற்கைவிட ஆழமாக இறங்க வேண்டும்.

மதிப்பீட்டில் விட்டுப்போய்ப் பிறகு கையைக் கடிக்கும் இனங்கள்: ஊற்று நீர் இறைக்கும் மோட்டார் மணிக்கணக்கு (எங்களுக்கு இரவும் பகலுமாக ஒன்பது நாள்), லாரித் தண்ணீர், மாற்றுப் பாதை, வேலிக்கருவை வேரோடு எடுப்பது, கிழக்கே கடல்வரை வாய்க்கால் வெட்டுவது. கடைசியாகச் சொன்னதற்குத் தனி இனம் போடாமல் கையெழுத்துக்கு அனுப்பாதீர்கள். 18 சதவீத ஜிஎஸ்டியும் தொழிலாளர் நல நிதியும் மேலே வரும். பொருள் விலைக்கு அந்த ஆண்டின் விலைப் பட்டியலை எடுங்கள். போன ஆண்டுப் பட்டியலில் போட்டால் ஒப்பந்தப்புள்ளிக்கு ஆள் வரமாட்டார்கள்.

9. நாட்காட்டி

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பாலம் வேண்டும் என்ற தீர்மானத்தை நவம்பர் 1 அன்று போடுங்கள், தண்ணீர் கண்முன்னால் நிற்கும்போது. அது கைவிட்டுப் போனால் ஜனவரி 26. டிசம்பரில் மட்டங்களைக் குறித்து, ஜனவரியில் லெவல் எடுத்து, பிப்ரவரிக்குள் மதிப்பீட்டைக் கொடுத்துவிடுங்கள். மார்ச்சில் எல்லா அலுவலகமும் ஆண்டு முடிவுக் கணக்கில் மூழ்கிவிடும். தேர்தல் அறிவிப்பு வந்தால் புதிய பணி உத்தரவு நிற்கும், அதையும் மனதில் வையுங்கள்.

நெல் அறுப்பு முடிந்து, வாய்க்கால் காய்ந்து, நிலத்தடி நீர் இறங்குவதற்கு ஏப்ரல் ஆகிவிடும். தோண்டுவதற்கு மே, ஜூன் நல்ல மாதங்கள். ஸ்லாக் சிமெண்ட் போட்டால் குறைந்தது 10 நாள் நனைக்க வேண்டும், நம் வெயிலுக்கு 14 நாள் வையுங்கள். மேல்தளத்துக்கு அடியில் முட்டு 7 நாளுக்கு முன் எடுக்கக்கூடாது. ஆகஸ்ட் கடைசிக்குள் வண்டி ஓட வேண்டும். செப்டம்பர் 15-க்கு மேல் தோண்டத் தொடங்கும் வேலையைத் தள்ளிவையுங்கள், யார் வற்புறுத்தினாலும்.

10. களத்தில் கண் வைக்க வேண்டியவை

குழாய் என்றால் வரிசைகளுக்கு நடுவே குழாய் விட்டத்தில் பாதி, குறைந்தது 450 மி.மீ., இடைவெளி வேண்டும். அந்த இடுக்கில் மண் இறுகாவிட்டால் சாலை அங்கேதான் இறங்கும். பக்க மண்ணை 150 மி.மீ. அடுக்காக, இரு பக்கமும் ஒரே உயரத்தில் ஏற்றி இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் ஏற்றினால் குழாய் நகரும். இணைப்புக் கலவை இறுகுவதற்குள் மண்ணைத் தள்ளச் சொல்வார்கள், விடாதீர்கள்.

மூடப்போகும் எதையும் மூடுவதற்கு முன் டேப் வைத்துப் படம் எடுங்கள்: குழியின் ஆழம், அடிக் கான்கிரீட், கம்பி இடைவெளி, கவர். எம் புக்கில் (வேலை அளவுகளைப் பதியும் புத்தகத்தில்) அளவு ஏற்றும்போது மேலதிகாரி உடன் இருக்கட்டும். எங்கள் முதல் பாலத்தில் அடிக் கான்கிரீட்டுக்குப் படம் இல்லாததால் பில் மூன்று மாதம் நின்றது. கலவை போட்ட மேஸ்திரிக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

11. முதல் மழை

முகப்புச் சுவரில் இரு பக்கமும் செ.மீ. அளவுகோல் வரைந்துவிடுங்கள். முதல் பெரிய மழையன்று போய் இரண்டையும் படித்து, வித்தியாசத்தை உங்கள் கணக்கோடு வைத்துப் பாருங்கள். 30 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் திறப்பு போதவில்லை, அல்லது உள்ளே அடைப்பு. வித்தியாசமே இல்லாமல் இரு பக்கமும் ஏறிக்கொண்டே போனால் கிழக்கே வாய்க்காலையும் முகத்துவாரத்தையும் போய்ப் பாருங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் கடைசியில் உள்ளே மணல் அள்ளவும் கிழக்கே வேலிக்கருவை வெட்டவும் ஆள் வேண்டும். அந்தச் செலவு எந்தக் கணக்கில் என்பதை ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே தீர்மானமாக எழுதி வாங்கி, அதன் நகலைப் பாலக் கோப்பில் சேர்த்துவிட்டுப் பொறுப்பை ஒப்படையுங்கள்.